கேமராவைக் கெடுப்பது குளிர் அல்ல, கதவு: ஜனவரியில் லடாக் போகும் குடியாத்தம் தம்பிக்கு

குடியாத்தத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஜனவரி கடைசி வாரம் லே, பாங்காங் ஏரி, திராஸ் என்று பத்து நாள் பயணம். கையில் இருப்பது நாலு வருஷப் பழைய மிரர்லெஸ் கேமரா, கூடவே வந்த லென்ஸ், இரண்டு பேட்டரி. மைனஸ் 20 டிகிரியில் இது தாங்குமா, புதிதாக வாங்க வேண்டுமா, பனியைப் படம் எடுத்தால் ஏன் துவைக்காத வேட்டி மாதிரியே வருகிறது? இவ்வளவுதான் கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வேலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆதார் போட்டோ, எல்லாம் உண்டு. வேலூர்க்காரன் குளிரைப் பற்றிப் பாடம் எடுத்தால் சிரிப்புத்தான் வரும். மார்கழியில் 17 டிகிரி வந்தாலே குரங்குக் குல்லாயும் மஃப்ளரும் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிற ஊர் இது. ஆனால் என் மச்சானுக்குக் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்று பெயர் வாங்கிய ஊர். அவர் லடாக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அப்படி மூன்று குளிர்காலம் பார்த்தாயிற்று.

புதுக் கேமரா வேண்டாம். உங்கள் கேமராவின் கையேட்டை எடுத்துப் பாருங்கள், 0 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறீர்கள். ஆனால் அந்த 40-ஐ நாம் ஒவ்வொரு மே மாதமும் தாண்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? அக்னி நட்சத்திரத்தில் மதியம் மாப்பிள்ளை ஊர்வலம் எடுத்த கேமரா உருகியா போய்விட்டது? கீழ்ப்பக்கமும் அப்படித்தான். மைனஸ் 20-ல் திரை மந்தமாகும், லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் இறுகி ஃபோகஸ் நிதானமாக நகரும், தோள்வார் பிரம்பு மாதிரி விறைத்துக்கொள்ளும். ஆனால் படம் விழும். கேமராவுக்கு வைத்திருக்கும் காசைப் பேட்டரிக்கும் கையுறைக்கும் செருப்புக்கும் போடுங்கள். செருப்பு என்றால் நல்ல பூட்ஸ்.

நான் பார்த்தவரை குளிர் கேமராவைக் கெடுப்பது அபூர்வம். கெடுப்பது கதவு.

முதல் பயணம். பாங்காங் போகும் வழியில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கினோம். சாயங்காலம் இரண்டு மணி நேரம் வெளியே நின்று எடுத்துவிட்டு, விரல் விறைத்துப்போய் உள்ளே ஓடினேன். நடுக் கூடத்தில் குளிர்காய்கிற புகாரி அடுப்பு எரிகிறது, மேலே கெட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அடுப்பைச் சுற்றி ஆறேழு பேரின் ஈரக் காலுறைகள் காய்கின்றன. கதவைத் தாண்டியதும் என் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அதுதான் எச்சரிக்கை, எனக்கு உறைக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தால் அதுவும் தலை முதல் கால் வரை வேர்த்திருந்தது. சால்வை முனையால் லென்ஸைத் துடைத்தேன். துடைத்த இடத்தில் மறுபடி படிந்தது. அந்த நேரம் பார்த்து மச்சான் வெளியிலிருந்து கத்தினார், மலை உச்சியில் கடைசி வெளிச்சம் சிவப்பாக விழுகிறது என்று. அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஐந்து நிமிடத்தில் ஜூம் வளையம் சிக்கிக்கொண்டது. முன் கண்ணாடிக்கு உட்புறம் போன ஈரம் அங்கேயே உறைந்து, கண்புரை விழுந்த கண் மாதிரி ஆகிவிட்டது. அந்த லென்ஸ் தெளிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் பாங்காங்கில் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது.

நடந்தது என்ன? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்க்கிறதே, அதேதான். ஏசி மண்டபத்தில் எடுத்துவிட்டு வாசலுக்கு வந்ததும் லென்ஸ் மங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவி வரை வைத்துக்கொள்ளும், மைனஸ் 20-ல் அதுவே ஒரு கிராம் அளவுதான். சூடான அறைக் காற்று குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும், தாங்க முடியாத ஈரத்தை அதன் மேல் இறக்கி வைத்துவிடும். உள்ளே இருக்கும் சர்க்யூட்டின் மேலும்தான்.

இதற்கு வழி ரொம்ப மலிவு. இரண்டு பெரிய ஜிப்லாக் கவர். உள்ளே நுழையும் முன், கதவுக்கு வெளியே நின்றே, கார்டையும் பேட்டரியையும் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். கேமராவைக் கவருக்குள் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடி, அதைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பையும் போட்டபின் உள்ளே போங்கள். ஈரம் இப்போது கவரின் மேல் படியும், கேமராவின் மேல் அல்ல. பையை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். அறையிலேயே குளிரான மூலையில், தரையில் வைத்துவிட்டு மூன்று நாலு மணி நேரம் மறந்துவிடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் எல்லாம் வீண். கார்டை முன்பே எடுத்துவிட்டதால் படம் பார்க்கும் அரிப்புக்கும் வழி இருக்கிறது.

கவருக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற யாராவது நம் எல்லார் வீட்டுப் பக்கமும் இருப்பார்கள், கேட்டால் கைநிறையக் கிடைக்கும். ஆனால் அது காத்திருப்பதற்கு மாற்று இல்லை, துணைதான்.

ஒரு மணி நேரத்தில் மறுபடி வெளியே போவதாக இருந்தால் கேமராவை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். வெளித் திண்ணையிலோ பூட்டிய வண்டியிலோ குளிரிலேயே கிடக்கட்டும். ஒரே குளிரில் பத்து நாள் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று அலைக்கழிப்பதுதான் ஆகாது. சூட்டிலிருந்து குளிருக்குப் போவதில் இந்த வம்பு குறைவு. பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும், வெளியே போனதும் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் ஆற விடுங்கள். சூடான லென்ஸில் விழும் பனித்துகள் உருகி மறுபடி கண்ணாடியாக உறைந்துவிடும், ஆறிய லென்ஸில் விழுந்தால் மாவு மாதிரி தட்டிவிடலாம். தட்டுவதற்குச் சின்னப் பிரஷ் வையுங்கள். டீ ஆற்றுகிற பழக்கத்தில் வாயால் மட்டும் ஊதிவிடாதீர்கள். மூச்சு அப்படியே பனிப்படலமாக ஒட்டிக்கொள்ளும். வியூஃபைண்டரில் கண்ணை வைக்கும்போதும் மூச்சைப் பக்கவாட்டில் விடப் பழகவேண்டும்.

பேட்டரிக்கு வருவோம். லித்தியம் அயான் பேட்டரி குளிரில் செத்துப்போவதில்லை, மரத்துப்போகிறது. உள்ளே இருக்கும் திரவம் கெட்டியாகி அயனிகள் மெதுவாக நகர்வதால், கேமரா கேட்கிற வேகத்தில் மின்சாரம் தர முடிவதில்லை. சிவப்பு விளக்கு எரிந்து கேமரா அணைந்துவிடும். அதே பேட்டரியை அக்குளில் வைத்துக் கால் மணி நேரம் சூடாக்கினால் பாதி இருக்கிறது என்று காட்டும். ஆகவே குறைந்தது நாலு பேட்டரி. ஒன்று கேமராவில், மற்றவை உடம்போடு ஒட்டி. நம் தாத்தாக்கள் டிராயரில் உள்பை வைத்துத் தைத்து அதில் பணம் வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு பையை உள் பனியனில் தைத்துக்கொண்டேன். என் டெய்லர் ஒரு மாதிரி பார்த்தார், தைத்துக் கொடுத்தார். பேட்டரிகளின் மேல் நெயில் பாலிஷால் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் எது தீர்ந்தது, எது மரத்தது என்று இருட்டில் குழம்பிப்போவீர்கள்.

குளிர்ந்த பேட்டரியை உடனே சார்ஜ் போடாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படியும், அந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாது. அறைச் சூட்டுக்கு வந்தபின் போடுங்கள். கல்யாணத்துக்கு நான் டூப்ளிகேட் பேட்டரி பயன்படுத்துகிறவன்தான், ஒளிக்கவில்லை. ஆனால் அங்கே ஒரிஜினல் மட்டும்தான். விமானத்தில் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போகவேண்டும், பெட்டியில் போடக்கூடாது.

அப்புறம் விரல். கேமரா தாங்கும், நீங்கள் தாங்கவேண்டுமே. மைனஸ் 20-ல் அலுமினிய டிரைபாடை வெறுங்கையால் பிடித்தால் தோல் ஒட்டும். 1910-ல் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் போன ஹெர்பர்ட் பாண்டிங் என்ற புகைப்படக்காரர், ஃபோகஸ் செய்துகொண்டே உதட்டை ஈரப்படுத்தப் போக, நாக்கு நுனி கேமராவின் உலோகத்தில் பட்டு அப்படியே உறைந்து ஒட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தபோது நுனித் தோல் கேமராவிலேயே தங்கிவிட்டது. படம் பதிய அவருக்குக் கண்ணாடித் தகடு, நமக்கு மெமரி கார்டு. நாக்கு ஒன்றுதான்.

டிரைபாட் கால்களுக்கு நான் செய்தது நம்ம ஊர் வைத்தியம். ராணிப்பேட்டையில் ஒரு சிநேகிதரிடம் வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளை வாங்கி, மேல் பாதிக் கால்களில் சுற்றித் தைத்துவிட்டேன். பிடிக்க வாட்டமாக இருக்கிறது, தோளில் சாத்தினாலும் சில்லென்று கடிப்பதில்லை. கைக்கு உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை, மேலே விரல் பிரிக்காத தடித்த உறை. பட்டன் அழுத்தும்போது மேலுறையை மட்டும் கழற்றுங்கள். அது கீழே விழாமல் குழந்தைக்குக் கட்டுவது போல ஒரு கயிற்றில் கோத்துச் சட்டைக் கைக்குள் விட்டுக்கொண்டால் நல்லது. குலுக்கினால் சூடாகும் பொட்டலங்கள் விற்கிறார்கள். உள்ளே இரும்புத்தூள் துருப்பிடிக்கிற சூடுதான் அது. லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆக்சிஜனும் அந்த அளவுதான், அதனால் பொட்டலமும் அங்கே அரைமனதாகத்தான் சுடும். அதை நம்பிக் கையுறையில் மிச்சம் பிடிக்காதீர்கள். விரல் நுனி வெளுத்து உணர்ச்சி போய்விட்டால் தேய்க்கக்கூடாது, பனியால் தேய்க்கவே கூடாது. அக்குளில் வைத்து மெதுவாகச் சூடாக்கி, படம் எடுப்பதை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இதை எழுதும்போதே இன்னொன்று. லே சுமார் 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் இறங்கிய முதல் இரண்டு நாள் கேமராவைத் தொடாமல் படுத்துக் கிடக்கவேண்டும். மூச்சு வாங்குகிற உயரத்தில் ஓடியாடிப் படம் எடுத்துத் தலைவலியும் வாந்தியுமாக ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை மச்சான் நிறையப் பார்த்திருக்கிறார். புறப்படும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

இனி அந்த அழுக்கு வேட்டிக் கேள்வி. கேமராவுக்குள் இருக்கும் வெளிச்ச மீட்டருக்கு வெள்ளை என்றால் என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது சராசரிச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ப அளவு வைக்கும். சர்ச் கல்யாணத்தில் வெள்ளை கவுன் போட்ட பெண்ணை மட்டும் நெருக்கி எடுத்தால் கவுன் சாம்பலாகிறது, மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டை மட்டும் எடுத்தால் கோட்டு வெளுத்துப்போகிறது. இரண்டையும் பார்த்துப் பழகியவனுக்குப் பனி புதுசில்லை, அது கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரித்த கவுன். ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்வாங்கும் வெளிச்சத்தை, மீட்டர் சொல்வதைவிட ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). படச்சட்டம் முழுக்க வெயில் விழுந்த பனி என்றால் ஒன்றரைக்கு மேல், பாதி பாறையும் பாதி பனியும் என்றால் அரையோ ஒன்றோ போதும். திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பனி வெளிச்சத்தில் திரை எப்போதும் இருட்டாகத்தான் தெரியும், நீங்கள் கூட்டிக்கொண்டே போவீர்கள். இருட்டை இடதுபக்கமும் வெளிச்சத்தை வலதுபக்கமும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். மேடு வலது ஓரத்தை நெருங்கவேண்டும், முட்டக்கூடாது. வெளுத்து எரிந்துபோன பனியை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுப்பது கட்டாயம்.

நிறமும் ஏமாற்றும். பனியில் விழும் நிழல் நீலமாக வரும். பயந்து நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை மஞ்சளுக்குத் தள்ளாதீர்கள், அது தப்பான நீலம் இல்லை. வெயில் படாத இடத்துக்கு வெளிச்சம் தருவது நீல வானம்தானே. அந்த நீலத்தைச் சுத்தமாகத் துடைத்தால் பனி ரேஷன் அரிசி மாதிரி ஆகிவிடும். வானத்தைக் கருக்கிக் காட்டும் போலரைசர் ஃபில்டரை நான் அங்கே கழற்றிவைத்துவிடுவேன். அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கருநீலம். ஃபில்டரையும் போட்டால் பாதி வானம் கறுப்பாகவும் பாதி வெளிறியும், ஒட்டுப்போட்ட துணி மாதிரி வரும்.

ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றம். நம் தமிழில் எல்லாமே பனிதான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. குளிர் இருந்தால் பனி கொட்டும் என்று நினைத்து லேயில் போய் இறங்குகிறோம். ஆனால் லே குளிர்ப் பாலைவனம். நமக்கு வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை என்றால் அங்கே மழையும் பனியும் சேர்த்து நூறை ஒட்டித்தான். பழுப்பு மலையில் அங்கங்கே சுண்ணாம்பு தெளித்த மாதிரிதான் இருக்கும். இடுப்பளவுப் பனி வேண்டுமென்றால் திராஸ். அது ஜோஜிலா கணவாயை ஒட்டி, காஷ்மீர்ப் பக்கத்து ஈரக் காற்று வந்து கொட்டுகிற இடம். லேயிலிருந்து கார்கில் வழியாகப் போகவேண்டும், வழியில் ஃபோட்டு லா கணவாய் 4,100 மீட்டர். பனி விழுந்தால் சாலை மூடும். அதனால் பத்து நாளில் இரண்டு நாளைச் சும்மா வைத்திருங்கள். பாங்காங்கையும் திராஸையும் இரண்டையும் பிடிக்கவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்குப் பாங்காங் போதும்.

வெளிச்சம் அங்கே தாராளம். ஜனவரி கடைசி வாரத்தில் லேயில் நடுப்பகல் சூரியனே தொடுவானத்திலிருந்து சுமார் 37 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும், அதே நாள் வேலூரில் சுமார் 58 வரை ஏறும். அதாவது பகல் முழுக்க நமக்கு நாலு மணி வெயில் மாதிரி சாய்ந்தே விழும். பனிக்கு அதுதான் வேண்டும். நேராக மேலிருந்து விழுந்தால் பனி தட்டையான வெள்ளைத் தாள், பக்கவாட்டில் விழுந்தால் காற்று கிழித்த ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கும். பாங்காங்கில் நின்றபடி எல்லாரும் எடுக்கிற ஏரியும் மலையும் படத்தை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் காட்ட வேண்டும் அல்லவா. அப்புறம் கரையோரத்தில் மண்டி போட்டு, லென்ஸைப் பனிக்கட்டியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். உள்ளே நீர்க்குமிழிகள் தட்டுத்தட்டாக அடுக்கி உறைந்திருக்கும். வெடிப்புக் கோடுகள் கோலத்துக் கம்பி மாதிரி மலையை நோக்கி ஓடும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு படச்சட்டத்தை அமைத்தால் படம் தானாக ஆழம் பெறும். பனிக்கட்டியின் மேல் நடக்கலாமா என்பதை உள்ளூர்க்காரர் மட்டுமே சொல்லவேண்டும், முன்னால் வந்த சுற்றுலாக்காரரின் கால்தடம் சாட்சி ஆகாது.

கால்தடம் என்றதும் ஞாபகம் வருகிறது. காலடி படாத பனியைப் பார்த்தால் முதலில் ஓடிப்போய் நிற்கத்தான் தோன்றும். மார்கழியில் அம்மா வாசலில் இழைத்து இழைத்துப் போட்ட கோலத்தை மிதித்துக்கொண்டு போவதற்குச் சமம் அது. பரந்த காட்சியை முதலில் எடுத்து முடியுங்கள், நடப்பது பிறகு. பனியில் டிரைபாட் வைக்கும்போது கால்களைக் கொஞ்சம் குறுக்கியே விரித்து அழுத்துங்கள். முழுக்க விரித்து அழுத்தினால் கால் புதையப் புதைய மேலும் அகன்று, மூட்டு உடையும்.

நேரமும் உடம்பும் இடம் கொடுத்தால் லடாக்கிலேயே இருக்கும் ஹான்லே கிராமத்தில் ஒரு ராத்திரி. சுமார் 4,500 மீட்டரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதே நிறுவனம்தான் நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தையும் நடத்துகிறது. 1986 முதல் அங்கே இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கி 2.34 மீட்டர், ஹான்லேயில் இருப்பதைவிடப் பெரியது. ஆக நட்சத்திரப் படம் எடுக்கப் பழகுவதற்கு ஆலங்காயம் தாண்டி ஒரு அமாவாசை ராத்திரி போனால் போதும், லடாக்கில் போய் இருட்டில் பட்டன் தேட வேண்டியதில்லை. ஜனவரி முன்னிரவில் பால்வீதியின் மையம் தெரியாது. மிருகசீரிடமும் திருவாதிரையும்தான் உச்சியில் நிற்கும். அந்தத் திருவாதிரையின் சிவப்பு அங்கே நெருப்புத் துண்டு மாதிரி தெரியும். குளிரில் சென்சாரின் இரைச்சல், அதாவது இருட்டுப் படத்தில் தெரியும் வேண்டாத புள்ளிகள், குறையும் என்பது ஒரு லாபம். லென்ஸில் உறைபனி பூக்காமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடு.

ராணுவ முகாம், பாலம், வண்டி வரிசை, விமான நிலையம் எதையும் எடுக்காதீர்கள். பச்சை வண்டி கண்ணில் பட்டால் கேமராவைக் கீழே இறக்கு என்பது மச்சான் சட்டம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முன் ஒரு வேலை. இரண்டு கையுறையையும் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பேட்டரி மாற்றி, கார்டு மாற்றி, எக்ஸ்போஷர் சக்கரத்தைத் திருப்பிப் பழகுங்கள், கை தானாகப் போகும்வரை. இரண்டாவது பயணம் ஜனவரியில்தான், ஆனால் நான் ஆர்வக் கோளாறில் மே மாதமே மொட்டை மாடியில் கம்பளி உறையோடு உட்கார்ந்து பழக ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து மாடியில் வடாம் காயப்போட வந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீழே எட்டி என் மனைவியிடம் கேட்டார்: "ஏம்மா, அண்ணனுக்கு ஜுரமா?"